மிளகுக்காகக் கப்பற்படை அனுப்பிய சுல்தான்

"அண்ணாச்சி, இந்த மிளகு விலையை யாருதான் பிடிச்சு ஆட்டுறாங்க?" என்று திருவொற்றியூரிலிருந்து எங்கள் கடைக்குச் சரக்கெடுக்க வந்த மளிகைக் கடைத் தம்பி ஒருவர் கேட்டார். வியட்நாம் விளைச்சல், இலங்கை வழியாக உள்ளே வரும் சரக்கு, 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று மத்திய அரசு குறைந்தபட்ச விலை கட்டியது என்று நமக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினோம். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த ஆட்டம் நேற்று இன்று தொடங்கியதல்ல. ஐந்நூறு வருடங்களுக்கு முன் இதே மிளகுக்காக ஒரு சுல்தான் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களை நம் நாட்டுக் கரைக்கு அனுப்பியிருக்கிறார். அவர் துருக்கி சுல்தான் சுலைமான். வணிக அன்பர்கள் அவரைப் பற்றி அவசியம் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சுலைமான் 1494ல் பிறந்தவர். 1520ல் தந்தை முதலாம் செலிம் இறந்ததும் இஸ்தான்புல்லில் பட்டத்துக்கு வந்தார். 1566 வரை 46 வருடங்கள் ஆண்டார். 1521ல் பெல்கிரேடு, 1522ல் ரோட்ஸ் தீவு, 1526ல் ஹங்கேரி, 1534ல் பாக்தாத் என்று பிடித்துக்கொண்டே போனார். 1529ல் வியன்னாவை முற்றுகையிட்டு, அது மட்டும் முடியாமல் திரும்பினார். ஐரோப்பியர்கள் அவரைப் 'பிரமாதமான சுலைமான்' என்றார்கள். அவருடைய சொந்த மக்கள் வைத்த பெயர் 'கானூனி', அதாவது சட்டம் வகுத்தவர். கானூன் என்ற சொல் நம் பத்திரங்களிலும் பழைய வழக்கு மன்றங்களிலும் புழங்கிய சொல்தான். துருக்கி அரச குடும்பத்தில் இளவரசர்கள் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்வது வழக்கம். சுலைமான் கற்றது பொற்கொல்லர் வேலை. குண்டுமணி எடைக்குக் கணக்குப் பார்க்கும் தொழில் தெரிந்த ஒருவர் மூன்று கண்டத்து ராஜ்யத்தை ஆண்டார் என்பது நமக்குப் பிடித்த சங்கதி.

முதல் கையெழுத்து

போர்க் கதைகளைச் சரித்திரப் புத்தகங்கள் நிறையவே சொல்லும். நம் கண்ணில் பட்டது வேறு. அவருடைய தந்தை செலிமுக்குப் பாரசீக ராஜாவுடன் பகை. அந்தப் பகையில், பாரசீகத்துப் பட்டு தன் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார். தடைக்கு முன்பே வந்து இறங்கியிருந்த பட்டையும் பறிமுதல் செய்தார். பர்சா என்ற ஊர் அந்நாளில் பட்டுக்குப் பெயர் பெற்ற சந்தை. அங்கே இருந்த வணிகர்கள் சரக்கும் போய், சிலர் ஊரை விட்டே கடத்தப்பட்டு, தறிகளும் முடங்கிக் கிடந்தன. ராஜாக்கள் சண்டை போட்டார்கள், நஷ்டம் கடைக்காரருக்கு.

சுலைமான் பட்டத்துக்கு வந்ததும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அந்தத் தடையை நீக்கியது. பிடிபட்ட வணிகர்களை விடுவித்து, பறிமுதல் ஆன சரக்குக்கு ஈடு கொடுக்கச் சொன்னார். தந்தை போட்ட உத்தரவை மகன் ரத்து செய்வது எந்த அரண்மனையிலும் லேசான காரியமில்லை. அவருக்கு அப்போது வயது 26.

இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. பல வருடங்களுக்கு முன், மலையிலிருந்து எங்களுக்கு வந்த ஒரு லோடு மிளகு, ஒரு சோதனைச் சாவடியில் ஒரே ஒரு தாள் குறைகிறது என்று நிறுத்தப்பட்டது. தாளைக் கொண்டுபோய்க் காட்டினோம். அதில் ஒரு முத்திரை குறைகிறது என்றார்கள். மழைக்காலம். தார்ப்பாய் போட்ட லாரி பதினெட்டு நாள் திறந்தவெளியில் நின்றது. கடைசியில் 'தவறேதும் இல்லை' என்று எழுதிக் கொடுத்து விடுவித்தார்கள். மூட்டையைப் பிரித்தால் வெள்ளைப் பூஞ்சணம். பாதிக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று. ஈடு என்ற பேச்சே எழவில்லை. எங்களுக்குக் கேட்கவும் தோன்றவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாமல்தான் நம்மில் பலர் வியாபாரம் செய்திருக்கிறோம்.

மிளகு போன பாதை

இனி மிளகுக்கு வருவோம். மலையாளக் கரையில் விளைந்த மிளகு அந்நாளில் கள்ளிக்கோட்டையில் கப்பலேறி, அரபிக் கடலைத் தாண்டி ஏடன், அங்கிருந்து செங்கடலில் ஜித்தா, சூயஸ், பிறகு ஒட்டகத்தில் கெய்ரோ, நைல் நதி வழியே அலெக்சாந்திரியா என்று போகும். அலெக்சாந்திரியாவில் வெனிஸ் நகர வணிகர்கள் காத்திருந்து வாங்கி ஐரோப்பா முழுவதும் விற்பார்கள். வழியில் ஒவ்வொரு கையும் கொஞ்சம் லாபம் பார்க்கும், ஒவ்வொரு துறையும் கொஞ்சம் சுங்கம் பார்க்கும்.

1498ல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து கள்ளிக்கோட்டையில் இறங்கியதும் இந்தப் பாதைக்கு ஆபத்து வந்தது. போர்த்துகீசியர்கள் 1510ல் கோவாவையும் 1511ல் மலாக்காவையும் பிடித்தார்கள். கடலில் போகும் கப்பல் எதுவானாலும் தங்களிடம் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சீட்டில் கப்பலின் பெயர், தலைவன் பெயர், போகுமிடம் எல்லாம் எழுதியிருக்கும். மிளகு முதலான சில சரக்குகளை ஏற்றக்கூடாது, துருக்கியரை ஏற்றக்கூடாது என்றும் இருக்கும். அவர்கள் கோட்டைத் துறையில் நின்று சுங்கம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்தால் சரக்கு அவர்களுக்கு. நமது முன்னோர்கள் காலம் காலமாகப் போய் வந்த கடலுக்கு, எங்கிருந்தோ வந்தவர்கள் பெர்மிட் கொடுத்தார்கள்!

நம் பகுதியையும் இது விட்டுவைக்கவில்லை. இன்று ராயபுரத்தில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களும், எண்ணூர் விரைவுச் சாலைக் கண்டெய்னர் லாரிகளும்தான் தெரியும். சென்னைப் பட்டணம் தோன்றியதே 1639க்குப் பிறகு. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பெரிய துறைமுகம் எண்ணூருக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. விஜயநகர ராஜ்யத்தின் கிழக்கு வாசல் அதுதான். அங்கே நெய்த, சாயம் தோய்த்த துணிகள் மலாக்காவுக்குப் போகும். பதிலுக்கு ஜாதிக்காயும் கிராம்பும் வரும். மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போனதும் அந்த வியாபாரமும் அவர்கள் சீட்டுக்குள் வந்தது. தெற்கே மயிலாப்பூரில் சாந்தோம் என்ற குடியேற்றத்தையும் அவர்கள் 1520களில் அமைத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் 1517ல் சுலைமானின் தந்தை செலிம் எகிப்தைப் பிடித்திருந்தார். ஆகவே சுலைமான் பட்டத்துக்கு வந்தபோது மிளகுப் பாதையின் மேற்குப் பாதி அவருடையது. கெய்ரோவுக்கு மிளகு வராவிட்டால் அவருடைய சுங்கத்தில் துண்டு விழும். கிழக்குப் பாதியில் போர்த்துகீசியர் உட்கார்ந்திருந்தார்கள்.

வேதாளையும் தியூவும்

1538ஆம் வருடத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் மார்ட்டிம் அபோன்சோ டி சோசா தலைமையில் போர்த்துகீசியர். மறுபக்கம் பட்டு மரைக்காயர், குஞ்ஞாலி மரைக்காயர் முதலானோரின் படகுப் படை. இந்த மரைக்காயர்கள் யார் என்று பார்த்தால், நம் இனம். அதாவது வணிகர்கள். கொச்சியில் இருந்துகொண்டு சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி வரவழைத்து விற்றவர்கள். போர்த்துகீசியருக்கே சரக்கு கொடுத்து வாங்கியவர்கள். கப்பலைப் பிடிப்பதும் சரக்கைப் பறிப்பதுமாக அவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் கொச்சியை விட்டுக் கள்ளிக்கோட்டை சாமூதிரி பக்கம் போய், கடைசியில் ஆயுதம் எடுத்தார்கள். அரிசி மண்டிக்காரரைக் கப்பற்படைத் தலைவராக்கிய பெருமை அந்தக் கர்த்தாஸ் சீட்டுக்குத்தான் உரியது. இலங்கையில் அண்ணன் தம்பி ராஜாக்களுக்குள் நடந்த சண்டையில் சீதாவாக்கை மாயாதுன்னைக்கு உதவி செய்யப் போகும் வழியில் வேதாளையில் கரையேறியிருந்தபோது அவர்கள் தாக்கப்பட்டுத் தோற்றார்கள். படகுகளும் பீரங்கிகளும் பறிபோயின.

அடுத்த சில மாதங்களில், ஜூனில், சூயஸிலிருந்து சுலைமானின் கப்பற்படை புறப்பட்டது. குஜராத் சுல்தான் பகதூர் ஷா முன்பே அவரிடம் உதவி கேட்டுத் தூது அனுப்பியிருந்தார். 1537 பிப்ரவரியில் தியூ தீவுக்கு எதிரே கடலில் போர்த்துகீசியரைச் சந்திக்கப் போன இடத்தில் பகதூர் ஷா கொல்லப்பட்டுவிட்டார். சுலைமான் சும்மா இருக்கவில்லை. எகிப்து ஆளுநர் ஹாதிம் சுலைமான் பாஷாவுக்கு உத்தரவு போனது. ராஜாவுக்கும் தளபதிக்கும் ஒரே பெயர் என்பதால் இனி இவரைப் பாஷா என்றே சொல்வோம். மிகவும் வயதானவர். செங்கடலில் அதுவரை காணாத பெரிய படை அவருடையது.

ஆகஸ்டில் ஏடன் வந்து சேர்ந்தார் பாஷா. ஏடன் அரசர் மரியாதை செய்யக் கப்பலுக்கு வந்தார். பாஷா அவரைப் பிடித்துப் பாய்மரக் கட்டையில் தூக்கிலிட்டு ஊரை எடுத்துக்கொண்டார். துறை கிடைத்தது, பெயர் கெட்டது. செப்டம்பரில் தியூவுக்கு வந்தபோது இந்தச் செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. உதவிக்கு அழைத்த குஜராத்தியர்களே, இவர் ஜெயித்தால் நம் கதி என்ன என்று பயந்தார்கள். படைக்கு வேண்டிய உணவுப் பண்டங்களைக் கொடுக்க மனமில்லாமல் இழுத்தடித்தார்கள். கோட்டைக்குள் அந்தோனியோ த சில்வைரா என்ற தளபதியும் சில நூறு பேரும் விடாமல் தாக்குப்பிடித்தார்கள். கோவாவிலிருந்து பெரிய உதவிப்படை வருகிறது என்ற பேச்சும் பரவியது. நவம்பரில் பாஷா நங்கூரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். மலையாளக் கரையை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வேதாளையில் மரைக்காயர் படை தோற்காமல் இருந்து, பாஷாவும் ஏடனில் அப்படி நடந்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்கு அடிக்கடி தோன்றும். ஆறேழு மாத இடைவெளியில் இரண்டும் தனித்தனியே கெட்டன. மொத்த வியாபாரத்தில் இதை நாம் நன்றாகவே பார்த்திருக்கிறோம். வாக்குச் சுத்தம் இல்லாதவன் எவ்வளவு முதல் வைத்திருந்தாலும் அடுத்த ஊர் தரகர் சரக்குக் காட்டமாட்டார்.

தோற்றுத் திரும்பிய பாஷாவை சுல்தான் 1541ல் பிரதம மந்திரி ஆக்கினார்! ஆனால் 1552ல் ஹோர்முஸ் தீவைப் பிடிக்கப் போய் முடியாமல் திரும்பிய பீரி ரெய்ஸ் என்ற முதிய மாலுமிக்குக் கெய்ரோவில் தலை வெட்டப்பட்டது. உலக வரைபடம் வரைந்த மேதை அவர். அதிர்ஷ்டம் என்பது அரண்மனையில் ஒரே மாதிரி அளக்கப்படுவதில்லை. சுலைமான் தன் உயிர் நண்பரான மந்திரி இப்ராகிமை 1536லும், பெற்ற மகன் முஸ்தபாவை 1553லும் கொல்லச் சொன்னவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1554ல் சீதி அலி ரெய்ஸ் என்பவர் மீதிக் கப்பல்களைப் பாஸ்ராவிலிருந்து சூயஸுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டார். போர்த்துகீசியரிடம் அடிபட்டு, புயலில் சிக்கி, குஜராத் கரையில் வந்து ஒதுங்கினார். கப்பல்களை விட்டுவிட்டுச் சுமார் ஐம்பது பேருடன் சூரத்திலிருந்து தரைவழியாகக் கிளம்பி, சிந்து, முல்தான், லாகூர் வழியாக டெல்லி போனார். 1556 ஜனவரியில் ஹுமாயூன் இறந்தபோது அவர் டெல்லியில்தான் இருந்தார். 1557ல் ஊர் போய்ச் சேர்ந்தார். அவரை சுல்தான் தண்டிக்கவில்லை. நாலு வருடச் சம்பள பாக்கியைக் கொடுக்கச் சொன்னார். 'பாக்கி' என்ற சொல் துருக்கியிலும் அதே பொருளில் இருக்கிறது. நம் தராசு அங்கே 'தெராசி', நம் பஜார் அங்கே 'பசார்'. பாரசீகமும் அரபும் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்த சொற்கள்.

பத்துக்குப் பதினொன்று

தராசு என்றதும் அவருடைய கடைவீதிச் சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. இஸ்தான்புல்லில் ரொட்டி, இறைச்சி, வெண்ணெய், பழம் எல்லாவற்றுக்கும் 'நர்க்' என்ற நிர்ணய விலை உண்டு. காஜி என்ற நீதிபதி, தொழில் சங்கங்களின் பெரியவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு விலை கட்டுவார். சங்கத்தைக் கேட்காமல் விலை கட்டவில்லை என்பதைச் சங்க அன்பர்கள் கவனிக்க வேண்டும். 'முக்தசிப்' என்ற அதிகாரி வீதியில் வந்து படிக்கல்லையும் ரொட்டியின் எடையையும் பார்ப்பார். குறைந்தால் அடி, அபராதம், கடைவீதி முழுக்கச் சுற்றி அழைத்துப் போய் அவமானம். நம் கொத்தவால் சாவடியின் பெயரில் இருக்கும் 'கொத்தவால்' என்பவரும் ஊர்க்காவலோடு சந்தையையும் கண்காணித்த அதிகாரிதான்.

லாபத்துக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். சுலைமானின் பாட்டனார் காலத்திலேயே எழுதிவைத்த விதி, பத்துக்குப் பதினொன்று. பத்து காசுக்கு வாங்கியதைப் பதினொன்றுக்கு விற்கலாம். வேலை அதிகம் பிடிக்கும் பொருளுக்குக் கொஞ்சம் கூடுதல். சில்லறைக் கடைக்காரர்கள் இதைப் படித்து, பத்து சதவீதம் போதுமா என்று முகம் சுளிக்கலாம். எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கு அது கனவு. மூட்டைக்குச் சில ரூபாய் நின்றாலே பெரிது என்று ஓட்டுகிறோம்.

இந்த விலைக்கட்டு எல்லா இடத்திலும் பலித்தது என்று சொல்லிவிட முடியாது. தலைநகரில் விலை கட்டினார்கள். வெனிஸ் கப்பல்கள் அதற்கு மேல் விலை கொடுக்கத் தயாராக இருந்தன. தானியத்தை இரவோடு இரவாகக் கப்பலேற்றி விற்றவர்கள் உண்டு. தடை போடப் போடக் கடத்தல் வளர்ந்தது. ரேஷன் காலத்தில் நம் தந்தையார் கடைகளில் ஸ்டாக் போர்டு எழுதி மாட்டியதும், அதில் எழுதிய கணக்கு ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று என்று சில இடங்களில் நடந்ததும் மூத்த அன்பர்களுக்குத் தெரியும். நாம் யாரையும் குறிப்பிடவில்லை.

காப்பியும் அவர் காலத்துச் சரக்குதான். ஏமனில் விளைந்த காப்பி செங்கடல் வழியாகப் பரவி, 1550களின் நடுவில் இஸ்தான்புல்லில் முதல் காப்பிக் கடைகள் திறக்கப்பட்டன. திறந்தவர்கள் சிரியாவிலிருந்து வந்த இரண்டு வணிகர்கள். கூட்டம் கூடி அரசியல் பேசுகிறார்கள் என்று அதையும் பிற்பாடு அவ்வப்போது தடை செய்து பார்த்தார்கள். காப்பிக்குத் தடை எங்கே நிற்கும்!

வழி கண்டவர்கள்

மிளகு கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சுல்தானின் படை போர்த்துகீசியரைத் துரத்தவில்லை. ஆனால் ஏடனும் ஏமனும் அவர் கையில் இருந்தபடியால் செங்கடல் வாசலைப் போர்த்துகீசியரால் அடைக்க முடியவில்லை. மீதியை வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள். சுமத்ரா தீவின் வடமுனையில் அச்சே என்ற ராஜ்யம் இருந்தது. அங்கும் மிளகு விளைந்தது. அச்சேயில் மிளகு ஏற்றிய கப்பல்கள், போர்த்துகீசியர் காவல் காத்த மலையாளக் கரைப் பக்கமே வராமல், மாலத்தீவுக் கால்வாய்களுக்குள் புகுந்து நேராகச் செங்கடலுக்குப் போய்விட்டன. பெரிய கடலைத் தாண்டும் நீண்ட பாதை. கர்த்தாஸ் வாங்கும் வேலையில்லை. இதோடு போர்த்துகீசிய அதிகாரிகளே கைநீட்டிக்கொண்டு சில கப்பல்களை விட்டதும் உண்டு.

1560களில் அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர்கள் வாங்கிய மிளகு, வாஸ்கோ ட காமா வருவதற்கு முன் வாங்கிய அளவுக்கு மீண்டும் வந்துவிட்டது என்று வெனிஸ் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அறுபது வருடம் பீரங்கி வைத்து அடைத்த பாதை திறந்துகொண்டது. இன்றும் கொச்சிச் சந்தை நிலவரத்தில் 'கார்பிள்ட்', 'அன்கார்பிள்ட்' என்று மிளகை இரண்டாகச் சொல்கிறோமே, சலித்தது, சலிக்காதது என்று, அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் அரபு மொழியில் சல்லடையைக் குறிக்கும் சொல். மத்தியதரைக் கடல் மிளகு வணிகர் வாயிலிருந்து போய், வெள்ளைக்காரர் கணக்கில் ஏறி, நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

1566 செப்டம்பரில், ஹங்கேரியில் சிகெத்வார் கோட்டை முற்றுகையின்போது, சுலைமான் கூடாரத்திலேயே இறந்தார். வயது 71. படை கலைந்துவிடும் என்று பிரதம மந்திரி சொகொல்லு மெகமது அந்தச் செய்தியை ஆறு வாரத்துக்கு மேல் வெளியே விடவில்லை. சுல்தான் பெயரில் உத்தரவுகள் போய்க்கொண்டே இருந்தன. பீரங்கியும் வார்ப்பு வேலைக்காரர்களும் வேண்டும் என்று அச்சே சுல்தான் அனுப்பிய தூதுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மகன் இரண்டாம் செலிமிடம் போனது. 1567ல் அவர் கப்பல்களுக்கு உத்தரவிட்டார். ஏமனில் கலகம் என்று படையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அச்சே கப்பல்களோ பருவக்காற்று தவறாமல் மிளகை ஏற்றிக்கொண்டு, மாலத்தீவைச் சுற்றி ஜித்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தன.